நீலம்பொறுக்கி

அக்டோபர் 17, வியாழன்

தலைமையாசிரியர் அவர்களின் பார்வைக்கு: மழைநாள்களில் உடற்கல்விப் பாடவேளையில் மாணவர்களுக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்பதை அன்றன்றே எழுதி வைக்குமாறு தாங்கள் பணித்தபடி இக்குறிப்பு தொடங்கப்படுகிறது. ஆ. ஆவுடையப்பன், உடற்கல்வி ஆசிரியர்.

இவ்வளவு எழுதியதற்கே கை வலிக்கிறது. இந்த நடையில் ஆறு வாரம் ஓட்ட என்னால் ஆகாது. மனதில் பட்டதை இதில் எழுதிவிட்டு, சாருக்கு நல்ல கையெழுத்தில் தனியாக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடலாம். உரக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. பத்து மாதமாகக் காலியாகத்தான் கிடந்தது.

நடந்தது இதுதான். மூன்று நாளாக விடாத மழை. மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர், கோ-கோ கம்பம் இரண்டும் குளத்துக்குள் நிற்கின்றன. ஆறாம் வகுப்பு பி பிரிவுக்கு வாரத்தில் ஒரே ஒரு விளையாட்டு பீரியட், வியாழன் கடைசி. காலை மணி அடித்த கையோடு கணக்கு டீச்சர் உலகம்மாள் தலைமையாசிரியர் அறையில் வந்து நின்றுவிட்டார்.

"மழையில பிள்ளைங்க சும்மாதான உக்காந்திருக்கும். குடுங்க சார், பின்னத்த முடிச்சிருதேன்" என்றார்.

நான் இந்தப் பள்ளிக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. என்னிடம் பீரியட் கடன் வாங்காத ஆசிரியர் இங்கே கிடையாது, திருப்பிக் கொடுத்தவரும் கிடையாது. உலகம்மாள் டீச்சர் வந்த இந்த மூன்று வருடத்தில் வியாழக்கிழமைகளில் பாதி கணக்குக்குத்தான் போயிருக்கிறது. கேட்கும்போது சிரித்துக்கொண்டே கேட்பார். அதனால்தான் என்னால் ஒழுங்காகச் சண்டை போட முடிவதில்லை.

இன்று போட்டேன். பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள், நான் பாடம் நடத்தப் போகிறேன் என்றேன். தலைமையாசிரியர் அருளப்பன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன பாடம் என்று கேட்டார். அந்த நொடி வரைக்கும் எனக்கே தெரியாது. சாரின் தலைக்கு மேலே ஒரு காலண்டர் தொங்கியது. அதில் நேந்திரம்பழம் அளவுக்கு மூக்கு வைத்த ஏதோ ஒரு பறவை. "உலகப் பறவைகள்" என்று வாய் சொல்லிவிட்டது.

"என் பேரையே வச்சிட்டீங்களே சார்" என்றார் உலகம்மாள் டீச்சர்.

அருளப்பன் சார் தீர்ப்புச் சொன்னார். நவம்பர் 28 அன்று வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) பள்ளியைப் பார்க்க வருகிறார். ஆறு பி பிள்ளைகள் அவர் முன்னால் உருப்படியாக எதையாவது சொன்னால், மழையோ வெயிலோ, முழு ஆண்டுத் தேர்வு வரைக்கும் அந்த பீரியடை யாரும் கேட்கக் கூடாது. சொல்லாவிட்டால் அது நிரந்தரமாகக் கணக்குக்கு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் ஓட்டமும் ஆட்டமும் இப்போது என் வாயில் இருக்கிறது. பறவையில் எனக்குக் காக்காய், கோழி, மயில் தெரியும்.

வெளியே வரும்போது பார்த்தால் டீச்சரின் பேனா மூடி மேசையில் கிடக்கிறது. நீல மூடி. எடுத்து வைத்திருக்கிறேன். நாளை கொடுத்துவிட வேண்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

நூலக அலமாரியைக் குடைந்ததில் பறவைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. கரையான் தின்றது போக எழுபது பக்கம் மிச்சம் இருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில். பேரைப் படித்தால் பல்லு சுளுக்கிக்கொள்ளும்.

மூடியைக் கொடுக்க முடியவில்லை. டீச்சர் வகுப்பில் இருந்தார்.

அக்டோபர் 24, வியாழன்

முதல் வகுப்பு. உட்கார வைத்து நடத்துவதற்கு எனக்கு வராது. அதனால் பறவையை உடம்பால் சொல்லிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

இன்று பென்குவின். அதிலேயே பெரிய ஜாதி. பனிப்பாலையில் அம்மாப் பென்குவின் ஒரே ஒரு முட்டை இட்டு, அதை அப்பாவின் பாதத்தின் மேல் வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அப்பா இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பிடாமல் கொள்ளாமல் முட்டையைக் காலிலேயே வைத்துக்கொண்டு நிற்கும். கீழே வைத்தால் முட்டை உறைந்துபோகும். ஆளுக்கு ஒரு காகித உருண்டையைக் கொடுத்து, இரண்டு பாதத்தின் மேலும் வைத்து, விழாமல் வகுப்பைச் சுற்றி வரச் சொன்னேன். ஒருத்தரும் கரும்பலகையைத் தாண்டவில்லை. இசக்கிதுரை மட்டும் ஒரு சுற்று முடித்தான். குளிருக்கு எல்லாம் ஒட்டி நிற்கும், நடுவில் நிற்பது ஓரத்துக்கு வரும், ஓரத்தில் நிற்பது நடுவுக்குப் போகும் என்று சொன்னேன். முப்பத்தெட்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு முறை போட்டு நகர்ந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது.

அப்போது ரஹ்மத் நிஷா கை தூக்கினாள். வகுப்பிலேயே குட்டி, வாய் மட்டும் பெரிசு. "சார், எங்க வாப்பா துபாய்ல இருக்காங்க. அவங்க ஆம்பளப் பென்குவினா, பொம்பளப் பென்குவினா?"

உடற்பயிற்சிப் படிப்பில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை. வாசல் பக்கமிருந்து, "கடலுக்குப் போன பென்குவின்ட்டி. வயிறு நெறய மீனோட திரும்பி வந்து பிள்ளைக்குக் குடுக்கும்" என்று குரல் வந்தது. உலகம்மாள் டீச்சர். பக்கத்து வகுப்பில் சத்தம் தாங்கவில்லை என்று சொல்ல வந்தாராம். நிஷா திருப்தியாக உட்கார்ந்துவிட்டாள்.

அவர் போன பிறகுதான் மூடி என் சட்டைப்பையில் இருந்தது ஞாபகம் வந்தது.

அக்டோபர் 31, தீபாவளி

தென்காசியில் பிரமு அக்கா வீட்டில். அக்கா எனக்கு நீலச் சட்டை எடுத்திருக்கிறாள். நீலம் எனக்கு எடுக்காது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. மாமா புதிதாக ஒரு ஜாதகம் வந்திருப்பதாகச் சொன்னார். முப்பத்தேழு வயசில் இனி என்ன அவசரம் என்று சொல்லிவிட்டு, முறுக்கைத் தின்றுகொண்டே அக்கா பிள்ளைகளுக்குப் பென்குவின் கதை சொன்னேன். நடுவில் உலகம்மாள் டீச்சர் சொன்ன பதிலையும் சொன்னேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருல அது உலகம்மா?" என்றாள். கணக்கு டீச்சர் என்றேன். என் பீரியடைப் பிடுங்குகிறவர் என்றும் சொன்னேன்.

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். எனக்கு இன்னொரு கை முறுக்கு வைத்தாள்.

நவம்பர் 4, திங்கள்

மழை. கலெக்டர் விடுமுறை விட்டுவிட்டார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். எனக்கு ஏனோ பொழுதே போகவில்லை.

நவம்பர் 7, வியாழன்

இனிமேல் பறவைகளுக்குப் பிள்ளைகளே பேர் வைப்பது என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. ஆங்கிலப் பேர் யார் வாயிலும் நுழையவில்லை, என் வாய் உட்பட. ஆளுக்கொரு பேர் சொல்ல வேண்டும், கை தூக்கி ஓட்டு, அதிக ஓட்டு வாங்கிய பேர்தான் பேர்.

இன்றைய பறவை ஆஸ்திரேலியாக் காட்டில் இருக்கிறது. காதில் விழுகிற எந்தச் சத்தத்தையும் அப்படியே திருப்பிச் சொல்லும். மற்ற பறவைகளின் குரல் மட்டுமல்ல, மரம் அறுக்கிற மெஷின், கேமராவின் சொடுக்கு எல்லாம் வரும். "மிமிக்ரிக் குருவி" என்று இருபத்தொன்பது ஓட்டில் பேர் வைத்தாயிற்று. பிறகு ஆளுக்கு ஒரு சத்தம். பிரஷர் குக்கர், மினி பஸ் ஹாரன், ஐஸ் வண்டி மணி. இசக்கிதுரை அருளப்பன் சாரின் இருமலைச் செய்தான். முதலில் ஒரு கனைப்பு, பிறகு இரண்டு வறட்டு இருமல், கடைசியில் "ஆண்டவரே." அச்சு அசல்.

வகுப்பு சிரித்து முடிக்கும் முன்னே வாசலில் அதே இருமல் இன்னொரு தடவை கேட்டது. அது நிஜம்.

பி.இ.ஓ. முன்னால் இப்படி ஒருத்தன் இருமினால் பீரியடோடு உங்கள் மானமும் போகும் என்று சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆசிரியர் ஓய்வறையில் உலகம்மாள் டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, அந்த "ஆண்டவரே" நிஜமாகவே நல்லா இருந்துச்சு என்றார். மூடியில்லாத பேனாவை ஒரு தாளில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். பாவமாக இருந்தது. மூடி என் பையில்தான் இருந்தது. இவ்வளவு நாள் கழித்துக் கொடுத்தால் என்ன நினைப்பாரோ என்று இருந்துவிட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். ஆளுக்கொரு சாக்லேட். மழை லேசாகத் தூறல்.

கட்டைவிரல் அளவே உள்ள ஒரு சிட்டு. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றுகொண்டே தேன் குடிக்கும். பின்பக்கமாகவும் பறக்கும். "ரிவர்ஸ் சிட்டு" என்று பேர். நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் இறகு அடிக்கும் என்று சொன்னதும் எல்லாரும் கையை அடித்துப் பார்த்தார்கள். பத்து நொடியில் இசக்கிதுரைதான் முதல், முப்பத்தொரு தடவை.

உலகம்மாள் டீச்சர் ஜன்னலில் நின்றிருந்தார். உள்ளே வரலாமா என்று கேட்டார். முப்பத்தொன்றைப் பத்தால் வகுத்தால் நொடிக்கு எத்தனை, அந்தச் சிட்டு இசக்கிதுரையைப் போல எத்தனை மடங்கு வேகம், இசக்கிதுரையின் வேகம் சிட்டின் வேகத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று கரும்பலகையில் போட்டுக்கொண்டே போனார். பிள்ளைகள் கையை அடித்து அடித்து விடை சொன்னார்கள். பதினாறில் ஒரு பங்கு என்று நிஷா கத்தினாள். மணி அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அரை பீரியட் பின்னம் நடத்திவிட்டுப் போயிருக்கிறார், கேட்காமலே.

கோபம் வர வேண்டும். வரவில்லை. அவர் சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு, "நல்லாத்தான் சொல்லிக் குடுக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சாருக்கு எடுக்கும் பிரதியில் இது வேண்டாம்.

நவம்பர் 18, திங்கள்

பி.இ.ஓ. வருவதற்கு இன்னும் பத்து நாள். பெரிசாக ஒன்று காட்ட வேண்டும். புத்தகத்தில் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் ஒன்று கிடைத்தது.

இதுவும் ஆஸ்திரேலியாதான். ஆண் பறவை குச்சிகளை நட்டு இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, நடுவில் ஒரு சின்னப் பாதை விடும். அது கூடு இல்லை. அதில் முட்டை இடாது, தூங்காது. பெண் பறவை வந்து பார்ப்பதற்காக மட்டுமே கட்டுகிற பந்தல். வாசலில் நீல நிறமாக எது கிடைத்தாலும் பொறுக்கிக்கொண்டு வந்து பரப்பி வைக்கும். நீல இறகு, நீலப் பூ, பாட்டில் மூடி, பேனா மூடி. பக்கத்துப் பந்தலில் நல்ல நீலம் இருந்தால் திருடிக்கொண்டும் வரும். பெண் பறவை ஒவ்வொரு பந்தலாகப் போய்ப் பார்க்கும். பிடித்திருந்தால் அந்தப் பாதைக்குள் நுழையும்.

ஆண் பறவை முழு நீலமாக மாற ஏழு வருடம் ஆகுமாம். அது வரைக்கும் பச்சையும் பழுப்புமாகத் திரிந்துகொண்டு, கோணல் மாணலாகப் பந்தல் கட்டிப் பழகும். நான் இந்தப் பள்ளிக்கு வந்தும் ஏழு வருடம்தான் ஆகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, தகவலுக்காக எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

சொன்னவுடன் வகுப்பு பைத்தியமாகிவிட்டது. அங்கேயே பந்தல் கட்ட வேண்டும் என்றார்கள். பறவைக்குத் தக்க ஒரு முழம் உயரம் போதும் என்றேன். பிள்ளை நுழைகிற அளவு வேண்டுமாம். தென்னை மட்டையும் காய்ந்த பருத்தி மார்க் குச்சியும் கொண்டு வந்து, வகுப்புக்குள் பின்பக்கம் பிள்ளை உயரத்துக்கு இரண்டு சுவர் கட்டி, மேலே வளைத்துச் சேர்த்தோம்.

பிறகு பேர். வீடுகட்டிக் குருவி, பந்தல் பறவை, மாப்பிள்ளைக் குருவி என்று நிறைய வந்தது. நிஷா எழுந்தாள். "மீனக் கொத்துனா மீன்கொத்தி. மரத்தக் கொத்துனா மரங்கொத்தி. இது நீலத்தப் பொறுக்குது. அப்ப நீலம்பொறுக்கி."

முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு ஓட்டு. இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் லேசாகத் திக்கென்றது.

நவம்பர் 25, திங்கள்

பள்ளிக்கூடத்தில் நீலமாக ஒரு பொருள் மிச்சம் இல்லை. ஏழாம் வகுப்பு பிள்ளைகளின் கிளிப்புகள், சத்துணவுக் கூடத்து வாளி மூடி, தண்ணீர்க் கேன் மூடிகள், துணி கிளிப்பு, பல் துலக்கும் பிரஷ், ஒற்றைச் செருப்பு, சார் வீட்டுக் குடையின் உறை. பக்கத்துப் பந்தலில் திருடலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். புகார் சொல்ல வந்தவர்களுக்கு எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், 28 முடிந்ததும் அவரவர் நீலம் அவரவருக்கு.

பந்தலின் வாசலில் நட்ட நடுவில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. எல்லாம் வட்டமாக அடுக்கியும் நடுவுக்குத் தக்கதாக ஒன்றும் அமையவில்லை. என் பையில் ஒரு மூடி இருந்தது. வைத்தேன். சரியாக இருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

இடி விழுந்தது. அருளப்பன் சார் பந்தலைப் பார்த்து மகிழ்ந்து, பேர் என்னடா என்று கேட்டிருக்கிறார். முப்பத்தெட்டும் சேர்ந்து சொல்லியிருக்கிறது.

அரசுப் பள்ளியில், அதிகாரி முன்னிலையில், பெண் பிள்ளைகள் வாயில் "பொறுக்கி" என்ற சொல் வரலாமா என்று கேட்டார். சொல் வராது, பேர்தான் வரும் என்றேன். அந்தப் பேர் வந்தால் பீரியட் போகும் என்று சொல்லிவிட்டார். மாற்றிவிடுங்கள். நீலஞ்சேர்ப்பான், நீலப்பிரியன், எது வேண்டுமானாலும் வையுங்கள் என்றார்.

நவம்பர் 27, புதன்

வகுப்பில் சொன்னேன். மறு ஓட்டு வைத்தேன். நீலப்பிரியனுக்கு ஒரு கையும் எழவில்லை. நாம் வைத்த பேரை நாமே மாற்றினால் அந்தப் பறவைக்கு யார் சார் இருக்கா என்று நிஷா கேட்டாள். கண்ணில் தண்ணீர். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த ஏழு வருடத்தில் என் பீரியடுக்காக ஒரு வகுப்பு அழுததில்லை.

கடைசியில் பிள்ளைகளே ஒரு முடிவுக்கு வந்தார்கள். உங்களுக்காக அந்தப் பேரைச் சொல்ல மாட்டோம், ஆனால் வேறு பேரும் சொல்ல மாட்டோம். சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

நவம்பர் 28, வியாழன்

வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா கடைசி பீரியடுக்குத்தான் ஆறு பிக்கு வந்தார். நான் திட்டம் போட்டிருந்தது பென்குவினில் தொடங்குவதாக. அம்மா உள்ளே நுழைந்ததும் கண் நேராகப் பந்தலுக்குப் போனது. அதன் முன்னால் போய் நின்றுகொண்டு, "இது என்ன பறவை கட்டுனது? யாரு சொல்றீங்க?" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. நிஷா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா இசக்கிதுரையைக் கேட்டார், அவன் என்னைப் பார்த்தான், நான் அருளப்பன் சாரைப் பார்த்தேன். சார் கூரையைப் பார்த்தார். வாயைத் திறந்தால் அந்தப் பேர் வந்துவிடுமோ என்ற பயத்தில் முப்பத்தெட்டும் எல்லாவற்றுக்கும் வாயைப் பூட்டிவிட்டன. எந்த ஊர் என்று கேட்டார், பதில் இல்லை. எதற்காகக் கட்டுகிறது, பதில் இல்லை. அம்மா கையில் இருந்த நோட்டைத் திறந்தார். "ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல போலுக்கே சார்" என்றார்.

பீரியட் போயிற்று என்று நினைத்தேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"நீலம்பொறுக்கி, மேடம்."

வாசலில் உலகம்மாள் டீச்சர். கையில் சாக்பீஸ். பக்கத்து வகுப்பிலிருந்து வந்திருக்கிறார்.

"மீன்கொத்தி, மரங்கொத்தி மாதிரி நீலம்பொறுக்கி. பிள்ளைங்க ஓட்டுப் போட்டு வச்ச பேரு. தப்பா நெனச்சிருவீங்களோன்னு சொல்ல பயப்படுதாங்க. இப்ப கேளுங்க மேடம்."

அம்மா அந்தப் பேரை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்தபடி முதல் பெஞ்சில் உட்காரவே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வகுப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மூலையில் ஒரு கூட்டம் பென்குவினாக ஒட்டி நின்றது, ஒரு வரிசை ரிவர்ஸ் சிட்டாகப் பின்னால் பறந்தது. இசக்கிதுரை இருமப் போனவன் சாரைப் பார்த்துவிட்டு மினி பஸ்ஸுக்கு மாறினான்.

நிஷாதான் பந்தலை விளக்கினாள். "இது கூடு இல்ல மேடம். பொம்பளப் பறவை வந்து பாக்கதுக்குக் கட்டுனது. அதுக்குப் பிடிச்ச நீலமெல்லாம் தேடித் தேடிக் கொண்டாந்து வைக்கும். கேட்டு வாங்காது, தூக்கிட்டு வந்துரும். அது வந்து பாத்து, பிடிச்சா உள்ள போவும்."

எல்லாரும் குனிந்து பார்த்தோம். உலகம்மாள் டீச்சரும் பார்த்தார். நட்ட நடுவில் பார்த்தார்.

"இது என் மூடியாச்சே" என்றார்.

"அத சார் வச்சாங்க" என்று முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் சொன்னார்கள்.

அறையில் புழுக்கமாக இருந்தது. மின்சாரம் இல்லை என்று நினைக்கிறேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததாக அருளப்பன் சார் பிறகு சொன்னார்.

அலுவலர் அம்மா பார்வையாளர் பதிவேட்டில் எழுதியதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "ஆறாம் வகுப்பு பி பிரிவின் வியாழன் விளையாட்டுப் பாடவேளையை எக்காரணம் கொண்டும் வேறு பாடத்துக்கு எடுக்கலாகாது." கையெழுத்து பச்சை மையில்.

பள்ளி விட்டபின் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் டீச்சரிடம் கேட்டேன். பேசாமல் இருந்திருந்தால் பீரியட் உங்களுக்குத்தானே வந்திருக்கும், ஏன் சொன்னீர்கள்?

"பீரியட் வேணும்னா உங்ககிட்ட கேட்டு வாங்குவேன். பிள்ளைங்க வாயடச்சு நிக்கத வச்சு வாங்க மாட்டேன்" என்றார்.

நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கு மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது. எதை முதலில் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் சைக்கிளை எடுத்துவிட்டார். மூடியைத் திருப்பிக் கேட்கவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

எல்லா நீலமும் உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று, ஒன்றைத் தவிர. பந்தலைப் பிரிக்கக் கூடாது என்று வகுப்பு ஓட்டுப் போட்டுவிட்டது.

டிசம்பர் 5, வியாழன்

வெயில். மைதானம் காய்ந்துவிட்டது. கடைசி பீரியடுக்கு மணி அடித்ததும் முப்பத்தெட்டும் வெளியே பாய்ந்தது. கோ-கோ ஆடவிட்டு, விசில் எடுக்க வகுப்புக்குத் திரும்பி வந்தேன்.

உலகம்மாள் டீச்சர் பந்தலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பீரியட் கேட்க வந்தாரோ என்று பழக்க தோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டேன். அவர் தாள் சுற்றின அந்தப் பேனாவை எடுத்து, தாளைப் பிரித்து, நடுவில் கிடந்த மூடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மூடி மட்டும் இங்க இருந்து என்ன செய்ய. பேனாவும் இருக்கட்டும்" என்றார்.

பிறகு குனிந்து, முந்தானை தென்னை மட்டையில் மாட்டாமல் பிடித்துக்கொண்டு, பந்தலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தார். தலையில் ஒரு பருத்திச் சருகு ஒட்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை எங்கப்பா வீட்டுலதான் இருப்பாங்க" என்றார்.

அப்பாவுக்குப் பறவைகள் பிடிக்குமா என்று கேட்டேன்.

"எங்கப்பாவுக்குக் கணக்குகூடப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார்.

ஜன்னல் கம்பியில் நிஷாவின் முகமும் இன்னும் ஏழெட்டு முகங்களும் தெரிந்தன. ஆட்டம் நின்று எவ்வளவு நேரம் ஆயிற்றோ. "சார், உள்ள போயிட்டாங்க சார்" என்றாள் நிஷா, எனக்குப் புரியவில்லையோ என்று சந்தேகப்பட்டவள் போல.

பிரமு அக்காவுக்குப் போன் போட்டு, அவர் அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாராம், இதற்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று கேட்டேன். போனிலேயே குலவை போட்டாள். மாமா என்னவோ ஏதோ என்று ஓடி வந்த சத்தம் கேட்டது.

எனக்கு அவரைப் பிடிக்கும். மூன்று வருடமாகப் பிடிக்கும். இதை எழுதுவதற்கு ஒரு டைரி வேண்டியிருந்திருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

அக்காவும் மாமாவும் காலையிலேயே பூ, பழத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். ஆட்டோ வாசலில் நிற்கிறது. இரண்டு வரி எழுதிவிட்டுக் கிளம்புகிறேன்.

தலைமையாசிரியர் அவர்களின் பார்வைக்கு: இன்று விடுமுறை என்பதால் பாடவேளை ஏதும் இல்லை. உடற்கல்வி ஆசிரியர் நீலச் சட்டை அணிந்திருந்தார்.